பெட்டியாகவே கொடுங்கண்ணே: மண்டபத்தில் ஒரு புது லேப்டாப்

மூன்று வாரம் ஆகிவிட்டது, இனி எழுதலாம். வாங்கி வந்த அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்திருந்தால் "சூப்பரா இருக்கு, நம்பி வாங்கலாம்" என்று முடித்திருப்பேன். முதல் நாள் எந்த லேப்டாப்தான் சூப்பராக இல்லாமல் இருந்திருக்கிறது?

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. 45 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரத்துக்குள் போனால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சிப்பு, ஒரே தரத்துத் திரை, ஒரே பிளாஸ்டிக் உடம்பு வைத்துத்தான் விற்கிறார்கள், மூடியில் அச்சடித்த பெயர்தான் வேறு. என்னுடையது 15.6 அங்குலம், இன்டெல் ஐ5 1235யூ, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம், கூடவே ஆபீஸ் ஹோம் 2024. பில் 46,990 ரூபாய். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 7,168 ரூபாய் என்று பில்லைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதாவது மெஷினின் விலை நாற்பதாயிரத்துக்கும் கீழேதான்.

நான் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் சித்தப்பாவின் கருவாட்டுக் கிட்டங்கியில் (கிடங்கில்) கணக்கு எழுதுகிறேன். எந்தப் படகில் எத்தனை கிலோ எடுத்தோம், எத்தனை சிப்பம் (மூட்டை) போட்டோம், யாரிடம் எவ்வளவு பாக்கி, காய வைக்கிற பெண்களுக்கு வாரக் கூலி எவ்வளவு, இதுதான் வேலை. கேம், வீடியோ எடிட்டிங் பற்றி இதில் ஒன்றும் இருக்காது, அதைத் தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் பழைய லேப்டாப்பைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் அது செத்த விதம்தான் இதை வாங்கும்போது என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. 2017ல் வாங்கியது. விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது, விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால் இன்டெல்லில் 8ஆம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும், என்னுடையது 7. சரி, அப்டேட் இல்லாவிட்டாலும் கணக்கு எழுதத்தானே என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் உப்பு முந்திக்கொண்டது. சார்ஜர் குத்துகிற ஓட்டையில் பச்சைக் களிம்பு. உள்ளே விசிறி சுற்றும்போது மாவு மில் மாதிரி ஒரு சத்தம். ராமநாதபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் அடியில் இருந்த திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினார், திருகாணியின் தலை கருப்பட்டித் தூள் மாதிரி உதிர்ந்து அவர் மேசையில் விழுந்தது. "எந்த ஊருண்ணே?" என்று கேட்டார். மண்டபம் என்றேன். "அதானே" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. உப்பு தண்ணீரில் மட்டும் இல்லை, காற்றிலேயே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும், உப்பு ஜாடியில் பார்க்கிறோமே அதுதான். அதே உப்புப் படலம் லேப்டாப் உள்ளே போர்டின் மேல் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி ஈரம் ஏறியதும் அது கரைந்து செம்பையும் இரும்பையும் தின்னும், பகலில் காய்ந்துவிடும், மறுபடி ராத்திரி. சைக்கிள் செயினும் கேஸ் அடுப்பும் ஜன்னல் கம்பியும் எங்கள் பக்கம் எத்தனை வருசம் உழைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். லேப்டாப் மட்டும் என்ன மாமியார் வீட்டு விருந்தாளியா?

ஆக கடைக்குப் போகும்போதே ஒரு முடிவோடுதான் போனேன். சிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, பாகங்களைக் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடை. நல்ல பையன்தான் நின்றான், மரியாதையாகப் பேசினான், அவசரப்படுத்தவில்லை. முதலில் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 சிப்பு போட்ட ஒரு மாடலைக் காட்டினான், விலையும் நாலாயிரம் குறைவு. நம்பரைப் பார்த்தேன், 7520யூ. இதை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது: அந்த வரிசையில் நாலு இலக்கத்தில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520 என்றால் 2, அதாவது ஜென் 2, அது 2019ல் வந்த வடிவமைப்பு. முதலில் நிற்கிற 7ஐப் பார்த்துப் புதுசு என்று நினைத்துவிடுவோம். கணக்கு வழக்குக்கு அதுவும் போதும்தான், ஓடாது என்று சொல்லவில்லை, ஆனால் அந்தச் சிப்பு இருக்கிற மெஷின்களில் ராமைப் போர்டிலேயே பற்ற வைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபியோடு வாங்கினால் அது சாகிறவரை 8 ஜிபிதான். எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்ததாகக் கைரேகை வைத்துத் திறக்கிற மாடல் ஒன்று, இரண்டாயிரம் கூட. "பாஸ்வேர்டே வேணாம்ணே, விரல வச்சா போதும்" என்றான். சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டில் ரேஷன் கடைக்குப் போனால் சின்னம்மாவுக்குக் கைரேகை விழாது. உப்பு அள்ளி அள்ளி விரல் நுனி வழவழவென்று தேய்ந்து கிடக்கும், துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்க வைப்பார்கள். நானும் பாதி நாள் சிப்பத்தில் கை வைக்கிறவன்தான். நாலு இலக்கப் பின் போதும் தம்பி என்றேன்.

கடைசியில் இந்த மெஷினை எடுத்தேன். 8 ஜிபி போக இன்னொரு ராம் ஸ்லாட் காலி, கழற்றக்கூடிய எஸ்எஸ்டி, நம்பர் பேட் இருக்கிற கீபோர்டு. நம்பர் பேட் இல்லாத கீபோர்டில் கூலிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் அருமை.

இனிதான் விசயம். பில் போட்டு முடித்ததும் பையன் பெட்டியைப் பிரிக்கக் கத்தியை எடுத்துவிட்டான். "ஒரு அரை மணி நேரம் உக்காருங்கண்ணே, விண்டோஸ் எல்லாம் செட் பண்ணி, ஆபீஸ் போட்டு, ஆன்டிவைரஸ் போட்டு, சி டிரைவ் டி டிரைவ் பிரிச்சுக் குடுத்திர்றேன். ஐநூறு ரூவாதான்."

"வேண்டாம் தம்பி, பெட்டியாவே குடு."

"ஃப்ரீயாவே பண்ணித் தர்றேண்ணே."

"ஃப்ரீயா இருந்தாலும் வேண்டாம்."

அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. தப்பாக நினைத்திருப்பான். ஆனால் எனக்குக் காரணம் இருக்கிறது.

பாம்பனில் என் அத்தை மகன் ஒருவன் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவன். போன வருசம் வேறொரு ஊரில் வேறொரு கடையில் லேப்டாப் வாங்கினான், இதே மாதிரிதான், கடைக்காரர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தார். விண்டோஸ் 11 முதல் முறை திறக்கும்போது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். கடைக்காரர் எந்தக் கணக்கைப் போட்டார்? தன்னிடம் இருந்த ஏதோ ஒரு ஈமெயிலை. இவனுக்கு அது தெரியாது, திறந்தால் டெஸ்க்டாப் வருகிறது, வேறென்ன வேண்டும்.

இப்போது வருகிற விண்டோஸ் 11ல், ஹோம் எடிசனிலும்கூட, அப்படிக் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் முழுவதையும் அதுவே பூட்டிக்கொள்கிறது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர், உள்ளே இருப்பது பிட்லாக்கர் என்கிற விண்டோஸின் பூட்டு. திருடன் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலும் ஒன்றும் படிக்க முடியாது, நல்ல விசயம்தான். தினசரி நமக்குத் தெரியவே தெரியாது, அதுபாட்டுக்குப் பூட்டும், திறக்கும். ஆனால் பயாஸ் (மெஷினை எழுப்புகிற அடிப்படை மென்பொருள்) அப்டேட் மாதிரி ஏதாவது நடந்து மெஷினுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் நீலத்திரையில் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். அந்தச் சாவி எங்கே இருக்கும்? முதலில் நுழைந்த கணக்கில். அத்தை மகனுக்கு ஆறு மாசம் கழித்து ஒரு நாள் அந்த நீலத்திரை வந்தது. கடைக்குப் போன் போட்டான். செட் பண்ணிக் கொடுத்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாராம், எந்த ஈமெயில் என்று யாருக்கும் தெரியவில்லையாம். மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து. போட்டோ எல்லாம் எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கிறது, யாராலும் எடுக்க முடியாது, அவனாலும்தான்.

ஆபீஸும் அப்படித்தான். லேப்டாப்போடு வருகிற ஆபீஸ் முதலில் எந்தக் கணக்கில் ஆக்டிவேட் ஆகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். கடையின் கணக்கில் ஒட்டினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் கடைக்குச் சொந்தம்.

அதனால் பெட்டியைப் பிரிக்காமலே வாங்கி பஸ் ஏறினேன். உச்சிப்புளி தாண்டுகிறவரை மடியிலேயே வைத்திருந்தேன், கோழிக்குஞ்சு மாதிரி.

வீட்டில் பெட்டியை உடைக்கும்போது தங்கச்சியை வீடியோ எடுக்கச் சொன்னேன். பெட்டி மேல் இருக்கிற சீரியல் நம்பரும் லேப்டாப் அடியில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்தேன், ஒன்றுதான். முதலில் சார்ஜரைக் குத்திவிட்டு அப்புறம் பவர் பட்டனை அழுத்துங்கள், பேட்டரியை உறங்க வைத்துத்தான் பாக்டரியிலிருந்து அனுப்புகிறார்கள், சில மெஷின் சார்ஜர் போடாமல் எழுந்திருக்காது. இது தெரியாமல் "புது லேப்டாப் டெட்" என்று கடைக்கு ஓடியவர்கள் உண்டு.

ஆன் ஆனதும் விண்டோஸ் நாடு கேட்டது, இந்தியா. கீபோர்டு கேட்டது, இங்கே அவசரப்பட்டு அமெரிக்க இங்கிலீஷை அமுக்காதீர்கள், இங்கிலீஷ் இந்தியா என்று ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள். எழுத்தெல்லாம் அதே இடத்தில்தான், ஆனால் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு 4ஐ அமுக்கினால் ₹ விழும். எட்டு வருசமாக எங்கள் பில்லில் 'ரூ' போட்டு ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன், இவ்வளவு சுலபம் என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் நெட். வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான். விண்டோஸ் முதல் அமர்விலேயே அப்டேட் இறக்க ஆரம்பித்துவிடும், நிறுத்த வழி காட்டாது. என் பிளானில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. ராத்திரி ஒன்பதரைக்கு 38 சதவீதத்தில் டேட்டா தீர்ந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தங்கச்சி போனை வாங்கினேன், அதுவும் தீர்ந்தது. சின்னம்மா போனில் டேட்டா அப்படியே கிடந்தது, அவர்கள் ஒரு நாளில் பார்ப்பது இரண்டு சமையல் வீடியோ. கடைசியில் அதில்தான் முடிந்தது, பன்னிரண்டு மணியைத் தொட்டுவிட்டது. முடிந்ததும் செய்த முதல் வேலை, வைஃபை செட்டிங்கில் அந்த ஹாட்ஸ்பாட்டை மீட்டர்டு கனெக்ஷன் என்று மாற்றியது. அதைப் போட்டுவிட்டால் பெரிய அப்டேட்டுகளைக் கேட்காமல் இறக்காது. ஹாட்ஸ்பாட்டில் வாழ்கிறவர்களுக்கு இது இல்லாவிட்டால் மாசக் கடைசி வரை தாங்காது. (இன்னொன்று, தனுஷ்கோடிப் பக்கம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை பார்க்கலாம் என்று கனவு காண்கிற வெளியூர் நண்பர்களே, அங்கே போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் அனுப்பும். ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள்.)

மைக்ரோசாஃப்ட் கணக்குக்குப் போட்டது என் சொந்த ஈமெயில். உள்ளே வந்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்துக்குப் போய் அந்த 48 இலக்கச் சாவியைத் தேடி எடுத்தேன். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. பேனாவை எடுத்து கிட்டங்கிப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன், தங்கச்சி ஒருமுறை வாசிக்க நான் ஒருமுறை சரிபார்த்தேன். சித்தப்பா எட்டிப் பார்த்து "என்னப்பா இது, லாட்டரி நம்பரா?" என்றார். அதே சாவியை லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலில் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை.

512 ஜிபி வாங்கினேன், 476தான் காட்டுகிறது என்று யாரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 1024ஆக எண்ணுகிறது, அந்த வித்தியாசம்தான். டி டிரைவ் பிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் விண்டோஸ் கெட்டுப்போனால் டி டிரைவாவது தப்பும் என்று பிரிப்பார்கள், எஸ்எஸ்டியே போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். அதற்குப் பதில் ஒரு பென்டிரைவில் வாரா வாரம் சனிக்கிழமை காப்பி.

ஆன்டிவைரஸ் ஒன்று முப்பது நாள் இலவசம் என்று கூடவே வந்திருந்தது. மூலையில் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து, நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள் என்றது. எடுத்துவிட்டேன். எடுத்ததும் விண்டோஸிலேயே இருக்கிற டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும், வீட்டுக்கும் சின்ன வியாபாரத்துக்கும் அது போதும் என்பது என் கட்சி. ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு, அதை மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். செட் பண்ணும்போது கேட்பதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று போனால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மேலே ஏற ஆரம்பிக்கும், இலவச இடம் 5 ஜிபி, நான் கருவாட்டுப் போட்டோ முழுவதையும் டெஸ்க்டாப்பில் கொட்டி வைத்திருந்தேன், இரண்டாம் நாளே நிறைந்துவிட்டது. என் கவனக்குறைவுதான். இப்போது கணக்கு ஃபோல்டர் மட்டும் ஏறுகிறது, அது மொத்தமே 40 எம்பி.

தமிழ். இதைத்தான் நிறைய பேர் கேட்கிறீர்கள். தனியாக ஒன்றும் இறக்க வேண்டாம், செட்டிங்கில் மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்துவிட்டு கீபோர்டில் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அமுக்கினால் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் மாறும். தமிழ் 99 என்பது 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து வந்த முறை, உயிரெழுத்து இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். போனில் இங்கிலீஷில் அடித்துத் தமிழாக மாற்றிப் பழகிய கைக்கு முதல் நான்கு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். நான் ஒரு துண்டுத் தாளில் படம் வரைந்து திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் நெத்திலி, சூடை, காரல், வாளை எல்லாம் தாளைப் பார்க்காமலே விழுந்தது. கட்டா, சீலாவுக்கு இன்னும் ஒரு நொடி நின்றுதான் அடிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த ஃபைல்களில் சித்தப்பா சங்கத்துக்காக 2012 வாக்கில் யாரிடமோ டைப் அடித்து வாங்கிய மனுக்கள் இருந்தன. திறந்தால் தமிழே இல்லை, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கந்தல் துணி மாதிரி. அவர் "போச்சா?" என்று பதறினார். போகவில்லை. அந்தக் காலத்து ஃபான்ட்டில் இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைத்திருப்பார்கள், அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் அசல் தோல் தெரிந்துவிடும். எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் நெட்டில் இலவசமாகவே இருக்கின்றன, ஒட்டி, மாற்றி, எடுத்தேன். "மாண்புமிகு" என்று முதல் வரி வந்ததும் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வேகம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆன் ஆகப் பத்துப் பன்னிரண்டு நொடி. எக்செல், பிரவுசரில் ஏழெட்டு டேப், வாட்ஸ்அப், இதற்கெல்லாம் திணறவில்லை. ஆனால் எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே 8 ஜிபியில் பாதி போய்விடுகிறது, கூடவே தங்கச்சி ஆன்லைன் கிளாஸ் வேறு திறந்தால் மெஷின் மூச்சு வாங்குவது தெரிகிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிறைந்திருக்கிறது என்று காட்டும், இரண்டில் ஒன்று என்று இருந்தது, கடைப் பையன் பொய் சொல்லவில்லை. இன்னொரு 8 போட்டால் கொள்ளளவும் கூடும், இரண்டு வழியில் பாய்வதால் வேகமும் கொஞ்சம் கூடும். ராம் விலை ஏறிக் கிடப்பதால் காத்திருக்கிறேன்.

திரை சுமார். வீட்டுக்குள் நன்றாகத்தான் இருக்கிறது. வெளிச்சம் 250 நிட்ஸ் என்று போட்டிருந்தான், அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தால் கடல் பக்கத்து வெயிலில் என் முகமும் பின்னால் காய்கிற வலையும்தான் தெரிகிறது, கணக்கு தெரியவில்லை. வெளியில் வைத்து வேலை பார்க்கிறவர்கள் 300க்கு மேல் பாருங்கள். கீபோர்டுக்கு அடியில் லைட் கிடையாது, கரண்டு போன ராத்திரியில் போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கூலிப் பட்டியல் அடித்தேன். ஸ்பீக்கர் இருக்கிறது, அவ்வளவுதான்.

பேட்டரி 42 வாட் ஹவர். எட்டு மணி நேரம் என்று விளம்பரம். என் வேலைக்கு ஐந்து மணி நேரம் வருகிறது, மணிக்கு எட்டு வாட் ஹவர் சொச்சம் தின்கிறது என்று கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருக்கிறது. மாசம் ஒருமுறை பராமரிப்பு என்று கரண்டைக் காலையில் நிறுத்திச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுக்கிற நாளில் மதியச் சாப்பாட்டோடு லேப்டாப்பும் படுத்துவிடும். கம்பெனியின் ஆப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி இருக்கிறது, நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கிற மெஷினுக்கு அதைப் போட்டுவிடுங்கள், பேட்டரி சீக்கிரம் உப்பாது. கரண்டு நிறுத்துகிற நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் நூறு ஏற்றிக்கொள்கிறேன்.

நான்காம் நாள் ஒரு பயம். சார்ஜர் போட்டபடி பென்டிரைவைக் குத்தப் போனேன், யூஎஸ்பி ஓட்டையின் தகட்டில் விரல் பட்டதும் ஜிவ்வென்றது. மெஷின் கோளாறு என்றே நினைத்து பில்லைத் தேட ஆரம்பித்துவிட்டேன். தெரு எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டால் அவர் லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை, நேராகக் கொல்லைப்புறம் போனார். "எர்த்து காஞ்சு கெடக்கு தம்பி, மணலு தண்ணிய நிக்க விடாது." குழியைத் தோண்டி கரியும் உப்பும் கொட்டி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். அன்றிலிருந்து ஜிவ் இல்லை. சார்ஜரின் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் பிளக்கில் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். உப்பை வெளியே விரட்ட நான் படுகிற பாட்டில், கொல்லைப்புறத்தில் அதையே காசு கொடுத்து வாங்கிப் புதைத்ததுதான் வேடிக்கை.

உப்புக்கு என்ன செய்கிறேன் என்றால், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் பக்கத்து ஜன்னலோரம் வைப்பதில்லை. கிட்டங்கிக்குள் கொண்டுபோவதே இல்லை, அங்கே கணக்கை நோட்டில் எழுதி வந்து வீட்டில் ஏற்றுகிறேன், இரட்டை வேலைதான். வேலை முடிந்து சூடு ஆறியதும் மூடி, பழைய எவர்சில்வர் சம்படத்தில், மதினி சீர் முறுக்கு வைத்திருந்த பெரியது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வைத்து மூடுகிறேன். லேப்டாப் அதில் அப்படியே உட்காருகிறது, 15.6 அங்குலத்துக்கு அளந்து செய்த மாதிரி. வாரம் ஒருமுறை லேசாக ஈரம் காட்டிய துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொருமுறை. பயன்படுத்தாத ஓட்டைகளுக்கு நாற்பது ரூபாய்க்கு ரப்பர் மூடி கிடைக்கிறது. மூன்று வாரத்தில் துடைத்த துணியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், சிரிக்காதீர்கள், கரித்தது.

வாரண்டியை மறக்காமல் பாருங்கள். கம்பெனி இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் என்றைக்கு முடிகிறது என்று காட்டும். எனக்கு நான் வாங்கியதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டதாகக் காட்டியது, கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள் போல. பில்லைப் போட்டோ எடுத்து அங்கேயே ஏற்றினேன், நான்கு நாளில் தேதியைத் திருத்திவிட்டார்கள். வாரண்டியில் தண்ணீர், துரு இதெல்லாம் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கிறது, அதைப் படித்துவிட்டுத்தான் சம்படத்தைத் தேடினேன்.

இந்த விலைக்கு வாங்கலாமா என்றால், இரண்டாவது ராம் ஸ்லாட் இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் இன்னும் ஐந்தாயிரம் சேர்த்து 16 ஜிபியாகவே வாங்குங்கள். கடையைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வாரம் மவுஸ் வாங்க மறுபடி போனேன். எனக்கு முன்னால் கீழக்கரையிலிருந்து ஒரு அம்மா மகளுக்கு லேப்டாப் வாங்கிக்கொண்டிருந்தார்கள், காலேஜ் சேரப் போகிற பிள்ளை. அதே பையன், அதே கத்தி, பெட்டியைப் பிரிக்கப் போனான். என்னைப் பார்த்ததும் கை நின்றது. "உங்க ஈமெயிலே போடலாம்மா, பாஸ்வேர்டு நீங்களே அடிச்சுக்கங்க" என்று அந்தப் பிள்ளையிடம் திரையைத் திருப்பி வைத்தான். மவுஸுக்கு ஐம்பது ரூபாய் குறைத்தும் கொடுத்தான்.